லோகாவின் பாயிண்ட் ஒண்ணு

போர்ட் கிள்ளான் போற ரோட்டுல லோரி எடை போடுற மேடை ஒண்ணு இருக்கு. திம்பாங்னு சொல்லுவாங்க. லோரி மேடையில ஏறி நிக்கும். கண்ணாடி ரூமுக்குள்ள இருக்கிறவ நம்பரைப் பார்த்துட்டு, போ, இல்லாட்டி இறக்குன்னு சொல்லுவா. அந்த ரூமுக்குள்ள இருக்கிறவதான் லோகேஸ்வரி, எங்களுக்கு லோகா. நான் கேட்டுக்கு வெளியே நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோத்துப் பொட்டலமும், காப்பியும் விக்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தின்னு டிரைவருங்க சொல்லுவானுங்க. அவளுக்கு ஈவிரக்கமே இல்லைன்னு சொல்லுவானுங்க. ரெண்டும் பொய்யில்ல, ஆனா சொல்றவன் யோக்கியமான்னும் பார்க்கணும்ல.

ஜெயராஜ்னு ஒரு டிரைவர். ஒரு நாள் கல்லு ஏத்திக்கிட்டு வந்தான். நூறு கிலோ கூட இருந்துச்சு. டன் கணக்குல பாயிண்ட் ஒண்ணு.

"பாயிண்ட் ஒண்ணுதானே, விட்டுடு லா," அப்படின்னான்.

"அந்தப் பாயிண்ட் ஒண்ணை இறக்கி வெச்சிட்டு வாங்கண்ணே," அப்படின்னா லோகா.

அவன் ஸ்பேர் டயரை இறக்கினான். டூல்ஸ் பெட்டியை இறக்கினான். ஐஸ் பெட்டியை என் கடை வாசல்ல கொண்டாந்து வெச்சான். அப்பவும் கூட. கடைசியில தானே குதிச்சு இறங்கி, இப்ப பாருன்னான். லோகா பார்த்தா. "இப்ப சரியா இருக்கு. இப்படியே நீங்க இல்லாம ஓட்டிக்கிட்டுப் போங்க," அப்படின்னா. சிரிக்கக்கூட இல்லை. பத்து வருஷமா அவளைப் பார்க்கிறேன், யாருக்கும் பாயிண்ட் ஒண்ணு விட்டுக்கொடுத்ததில்லை.

அவ புருஷன் கமலநாதன் நேர் எதிர். சுங்கை வேயில ஒரு ஃபேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறான். யாரு எது கேட்டாலும் சரிங்கிற ஆளு. சின்ன வயசுல தாய் தகப்பன் போயிட்டாங்க, அக்கா நல்லம்மாள்தான் வளர்த்தது. நல்லம்மா அக்கா கிள்ளான்ல ஒரு பெரிய குடும்பத்துக்கே தலைவி மாதிரி. யாரு வீட்டு விசேஷம்னாலும் அவங்கதான் கிண்டுவாங்க, அவங்கதான் ஊட்டுவாங்க.

லோகா முதல் புள்ள உண்டானப்ப அப்படி ஊட்டினாங்க. கேசரி, பாயாசம், டுரியான் பழம், ராத்திரி பால். வயிறு பெருசா பெருசா எல்லாருக்கும் சந்தோஷம். புள்ள நாலு கிலோவுக்கு மேல. கேட்டவங்க எல்லாம் கொழுகொழுன்னு வரப்போகுதுன்னு சொன்னாங்க. வரப்ப தலை வந்துச்சு, தோள் வரலை. மாட்டிக்கிச்சு. உள்ள இருந்தவங்க எப்படியோ எடுத்துட்டாங்க, உசுருக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா கழுத்துக்கிட்ட நரம்பு இழுபட்டு இடது கை போயிருச்சு. சுத்தமா போகலை. வாணிக்கு இப்ப எட்டு வயசு. இடது கை நெஞ்சு வரைக்கும் வரும், அதுக்கு மேல போகாது. கோயில்ல எல்லாரும் தலைக்கு மேல கை கூப்புறப்ப அவ வலது கையை மட்டும் தூக்குவா. இடது கை நெஞ்சுலயே நிக்கும். அந்த நேரத்துல லோகா சாமியைப் பார்க்க மாட்டா, அந்தக் கையைத்தான் பார்ப்பா.

அப்புறம் ரொம்ப வருஷம் வேணாம் வேணாம்னுட்டு, போன வருஷம் மறுபடியும் உண்டாயிட்டா. என்கிட்டதான் முதல்ல சொன்னா.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்க்கா வேணும். இந்தப் புள்ளைக்குத் தோள் மாட்டக்கூடாது. வேற எதுவும் கேட்கலை."

நான் என்ன டாக்டரா, சாமியா. சரிம்மான்னேன்.

கிளினிக்குல சீனித் தண்ணி டெஸ்ட் வந்துச்சு. கமலநாதனுக்கு வேலை, அதனால என் வேன்லதான் கூட்டிக்கிட்டுப் போனேன். வெறும் வயித்துல ஒரு தடவை ரத்தம் எடுப்பாங்க. அப்புறம் ஒரு கப்பு சீனித் தண்ணி குடிக்கணும். பாகு மாதிரி இருக்கும். குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் எதுவும் தின்னாம, அங்க இங்க அலையாம உட்காரணும். அப்புறம் இன்னொரு தடவை ரத்தம். லோகா அந்தத் தண்ணியை முகம் சுளிக்காம குடிச்சா. பக்கத்துல இருந்த ஒரு பொண்ணு பாதியில வாந்தி எடுத்துட்டா, அவளை இன்னொரு நாள் வரச் சொல்லி திருப்பி அனுப்பிட்டாங்க. பாவம்.

மிஸ்ஸி ராஜினிதான் ரிசல்ட் சொன்னாங்க. இங்க நர்ஸை மிஸ்ஸின்னுதான் கூப்பிடுவோம். பிரிக்ஃபீல்ட்ஸ்ல பொறந்து வளர்ந்த சிலோன்காரங்க. அதட்ட மாட்டாங்க, ஆனா எதையும் பூசி மெழுகவும் மாட்டாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தது சரியா இருக்கு, 7.1. அதுக்குக் கோடு 7.8, அதைத் தொடக்கூடாது. வெறும் வயித்துல எடுத்ததுதான் 5.2. அதுக்குக் கோடு 5.1. ரெண்டுல ஒண்ணு கோட்டைத் தொட்டாலே போதுமாம், புள்ளத்தாச்சிக்கு வர்ற இனிப்பு நீர், அதான் சக்கரை வியாதின்னு எழுதிடுவாங்களாம்.

பாயிண்ட் ஒண்ணு. நான் லோகா முகத்தைப் பார்க்கலை, சுவத்தைப் பார்த்தேன். சிரிப்பு வந்துடுமோன்னு பயம்.

"மிஸ்ஸி," அப்படின்னா லோகா. "வாணி வயித்துல இருந்தப்ப எனக்கு 5.4. நார்மல்னு சொன்னாங்க. இப்ப 5.2. நோய்ங்கிறீங்க. இறங்கித்தானே இருக்கு."

ஒரு நாளைக்கு நூறு நம்பர் பார்க்கிறவ. எட்டு வருஷத்துக்கு முந்தின நம்பரை மறப்பாளா.

"அப்ப கோடு 5.6-ல இருந்தது," அப்படின்னாங்க ராஜினி. "பிறகு கீழ இறக்கிட்டாங்க."

"அப்ப என் ஒடம்பு மாறலை. கோடுதான் மாறியிருக்கு."

"ஓம். கோடுதான்."

"ஏன் மாத்தினீங்க?"

வேற மிஸ்ஸியா இருந்தா அடுத்த நம்பரைக் கூப்பிட்டிருப்பாங்க. இவங்க பேனாவை வெச்சிட்டு உட்கார்ந்து சொன்னாங்க. பல நாட்டுல ஆயிரக்கணக்கான தாய்மாரை வெச்சுப் பார்த்தாங்களாம். சீனி கொஞ்சம் ஏறினா புள்ள எடையும் கொஞ்சம் ஏறுது. இன்னும் ஏறினா இன்னும் ஏறுது, தோள் மாட்டுறதும் கூடுது. இது வரைக்கும் பயமில்லை, இதுக்கு மேலதான் ஆபத்துன்னு ஒரு இடம் இருக்கும்னு தேடினாங்க. அப்படி ஒரு இடமே இல்லை. ஆனாலும் எங்கேயாவது ஒரு கோடு போட்டாத்தானே யாரைக் கவனிக்கிறது, யாரை வீட்டுக்கு அனுப்புறதுன்னு முடிவு பண்ண முடியும். அதனால உட்கார்ந்து பேசிப் போட்டாங்க.

"பாலம் மாதிரி," அப்படின்னா லோகா. "நாப்பது டன்னுன்னு போர்டு இருக்கும். நாப்பது வரைக்கும் கல்லு மாதிரி நின்னுட்டு, நாப்பத்தொண்ணுல உடையுறதில்ல."

"அதேதான்."

"அப்பவே இந்தக் கோடு இருந்திருந்தா வாணி கை நல்லா இருந்திருக்குமா?"

ராஜினி நாற்காலியை லோகா பக்கம் இழுத்துப் போட்டாங்க. "அப்பிடி நிச்சயமா சொல்ல முடியாதும்மா. சீனியே இல்லாத தாய்க்கும் மாட்டியிருக்கு. ஆனா உங்களைக் கவனிச்சிருப்பாங்க. சாப்பாட்டைச் சொல்லியிருப்பாங்க, புள்ள எடையைப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பாங்க. மாட்டுற வாய்ப்பு குறைஞ்சிருக்கும். அவ்வளவுதான் நான் சொல்லலாம்."

வேன்ல ஏறின பிறகுதான் லோகா அழுதா. நான் அவ அழுது பார்த்ததே இல்லை, எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை.

"எட்டு வருஷமா நான் தின்னதாலதான் அந்தக் கை போச்சுன்னு நினைச்சிக்கிட்டு இருக்கேன்க்கா. ஒருத்தராவது நிறுத்துன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல. நார்மல், நார்மல்னாங்க."

எனக்கும் அழுகை வந்துச்சு, கோபமும் வந்துச்சு. கோபத்தை யாரு மேல காட்டுறதுன்னு தெரியலை. பின்னாடி ஒருத்தன் ஹார்ன் அடிச்சான், அவன் மேல காட்டிட்டேன்.

மறுநாள்லேருந்து அவ ஆளே மாறிட்டா. தட்டுல கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் இல்லாட்டி கோழி, பாதித் தட்டு காய்னு கிளினிக்குல சொல்லி விட்டிருந்தாங்க. என் நாசி லெமாக்குல காய்னு பார்த்தா நாலு துண்டு வெள்ளரிக்கா. பொட்டலத்தைப் பிரிச்சு, சோத்துல முக்கால்வாசியை ஒதுக்கி வெச்சிட்டு, வெள்ளரிக்காயை இன்னும் போடுக்காங்கிறா. என் கடையில உட்கார்ந்துக்கிட்டு என் சோத்தையே ஒதுக்குறா. வேற யாராவதா இருந்தா நடக்கிறதே வேற. தின்னு முடிச்சதும் லோரிங்களுக்கு நடுவுல வயித்தைத் தள்ளிக்கிட்டு நடப்பா. ஜெயராஜ்கூட ஹார்ன் அடிக்காம ஒதுங்கிப் போவான். விரலைக் குத்திப் பார்க்கிற மெஷின் ஒண்ணு வாங்கி எப்பவும் கைப்பையிலயே வெச்சிருந்தா.

வீட்டுலதான் சண்டை. கமலநாதன் முதல்ல, "பாயிண்ட் ஒண்ணுதானே லோகா," அப்படின்னானாம். அந்த வார்த்தையை அவகிட்ட சொல்லலாமா, பொழைக்கத் தெரியாத ஆளு. அப்புறம் நல்லம்மா அக்கா லண்டன்ல இருக்கிற மகளுக்கு போன் போட்டாங்க. அந்த ஊருல வெறும் வயித்துக்கு 5.6 வந்தாத்தான் நோயாம். கமலநாதன் சந்தோஷமா ஓடி வந்தான்.

"லோகா, லண்டன் கணக்குல உனக்கு ஒண்ணுமே இல்லை."

"டிக்கெட் போடுங்க," அப்படின்னா லோகா.

நல்லம்மா அக்கா விடலை. அவங்களுக்குத் தெரிஞ்ச லேப் ஒண்ணு அம்பாங்ல இருக்காம். நாலு நாள் சோத்தையே தொடாம அங்க போய் மறுபடியும் டெஸ்ட் எடுத்தா பாஸாயிடலாமாம். என்னமோ பரீட்சை மாதிரி. லோகா அவங்களுக்கு என் முன்னாலதான் பதில் சொன்னா.

"சோத்தை நிறுத்திட்டுப் போனா நம்பர் ஏறக்கூட ஏறும்னு மிஸ்ஸி சொன்னாங்கக்கா. இறங்கினாலும் என்ன. எங்க டிரைவருங்களும் இப்படித்தான், இங்க கூட வந்தா வேற திம்பாங்குக்கு ஓடுவாங்க. அங்க நம்பர் வேற வரும். ஏத்தின கல்லு லோரியிலதானே இருக்கு."

நல்லம்மா அக்காவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. ஆனா அவங்க சும்மா இருக்கிற ஆளா. வளைகாப்பு வெக்கிறேன்னு கிளம்பிட்டாங்க. ரெண்டாவது புள்ளைக்கு யாரு வளைகாப்பு வெப்பா. முதல் தடவை வெச்சது ராசியில்லாம போச்சு, இன்னொரு தடவை நல்லபடியா வெச்சுக் கழிச்சிடணும்னாங்க. பிரிக்ஃபீல்ட்ஸ் போய் வளையல், சந்தனம், பூ எல்லாம் வாங்கி, ஃபிளாட்டுக்குக் கீழ இருக்கிற ஹால்ல வெச்சாங்க. அறுபது பொம்பளைங்க இருக்கும். போட்டோகிராஃபர் வேற.

நான் போறப்பவே வாசனை தூக்கிச்சு. கேசரி, பாயாசம், அதிரசம், சுசியம். எல்லாமே காப்பிக் கலர்.

"வெள்ளைச் சீனி ஒரு துளி போடலை," அப்படின்னாங்க நல்லம்மா அக்கா எல்லாரும் கேட்கிற மாதிரி. "எல்லாம் குலா மலாக்கா. தென்னை மரத்துலேருந்து இறக்குற கறுப்பு வெல்லம். இனிப்பு நீர்க்காரங்க எவ்வளவு வேணும்னாலும் தின்னலாம். இவளுக்காகவே தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தேன்."

உண்மையிலயே அவளுக்காகத்தான் செஞ்சாங்க. காலையிலேருந்து அடுப்புக்கிட்ட நின்னு, பதம் பார்த்துப் பார்த்து கிண்டியிருக்காங்க. அதுதான் கொடுமை. நம்ம ஆளுங்க பாதிப் பேரு இப்படித்தான், சீனி கறுப்பா இருந்தா மருந்துன்னு நினைச்சிக்கிறது.

வளையல் போட்டாங்க, சந்தனம் பூசினாங்க. முதல் ஸ்பூன் கேசரியை நல்லம்மா அக்கா எடுத்து நீட்டினாங்க. லோகா வாயைத் திறக்கலை.

"ஒரு ஸ்பூன்தானேடி."

"அறுபது பேரு இருக்காங்கக்கா," அப்படின்னா லோகா. "ஆளுக்கு ஒரு ஸ்பூன்."

காஜாங்லேருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா, சபையில ஊட்டுறதை வேணாம்னு சொன்னா புள்ளைக்கு ஆகாதுன்னு முணுமுணுத்தாங்க. எனக்கு வாய் துறுதுறுன்னு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். நல்லம்மா அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு, அதை மறைக்கக் குரலை ஏத்திட்டாங்க.

"அந்த மெஷினை நம்பிக்கிட்டு நீ வயித்துப் புள்ளையைப் பட்டினி போடுறே. அது பொய் சொல்லுது. குலா மலாக்காவுல சீனியே ஏறாது. காலையிலேருந்து நான் எத்தனை கரண்டி ருசி பார்த்திருப்பேன், எனக்கு என்ன ஆச்சு? இந்தா, என் விரலைக் குத்து. எல்லாரும் பார்க்கட்டும்."

லோகா கைப்பையை எடுத்தா. ரெண்டு கை நிறைய வளையல், குலுங்கக் குலுங்கக் குத்தினா. எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.

17.8.

"மெஷின் பழசு," அப்படின்னாங்க நல்லம்மா அக்கா.

லோகா துணியை நனைச்சு அவங்க கையை நல்லாத் துடைச்சு விட்டா. மெஷின்ல வேற பட்டை போட்டு, வேற விரலைக் குத்தினா. 17.6. அப்புறம் லோகா காஜாங் பெரியம்மாவைப் பார்த்து, "நீங்களும் பார்க்கிறீங்களா ஆன்டி?" அப்படின்னா. மரியாதையாத்தான் கேட்டா. பெரியம்மாவுக்குப் பதிமூணு சொச்சம். அதுக்கு அப்புறம் வரிசை கட்டி நின்னாங்க. சந்தனம் பூசின கையை நீட்டி நீட்டி, ஆளுக்கு ஒரு புது ஊசியில குத்திக்கிட்டாங்க. போட்டோகிராஃபர் எதை எடுக்கிறதுன்னு தெரியாம எல்லாத்தையும் எடுத்தான். பட்டை தீர்ந்துபோன பிறகுதான் கலைஞ்சாங்க. பாயாசத்தை யாரும் தொடலை. என் நம்பரை நான் அன்னிக்கு யாருக்கும் சொல்லலை, இங்கயும் சொல்லப்போறதில்ல.

நல்லம்மா அக்கா மூலையில ஒரு நாற்காலியில தனியா உட்கார்ந்திருந்தாங்க. லோகா மெல்ல நடந்து போய் பக்கத்துல உட்கார்ந்தா. நான் தட்டு எடுக்கிற மாதிரி பக்கத்துலயே நின்னேன்.

"முதல் தடவை உனக்கு ஊட்டினது நான்தான்டி," அப்படின்னாங்க. "எல்லாத்தையும் நான்தான் ஊட்டினேன்."

"அப்ப எனக்கு நார்மல்க்கா. யாருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை," அப்படின்னா லோகா. "நாளைக்குக் காலையில என்கூட கிளினிக் வாங்க. ஒண்ணும் சாப்பிடாம வரணும்."

ரெண்டு பேரும் சேர்ந்துதான் போனாங்க. அன்னியிலேருந்து நல்லம்மா அக்காவுக்கு மாத்திரை. லோகாவுக்கு இன்சுலின் ஊசி தேவைப்படலை, சாப்பாட்டுலயே அடங்கிருச்சு. ஸ்கேன்ல புள்ள அளவா வளருதுன்னாங்க. ஆனா அவ பயம் போகலை. நாள் நெருங்க நெருங்க, டிரைவருங்களைத் திட்டுறதுகூடக் குறைஞ்சிருச்சு. தலை வந்து தோள் வராம நின்ன அந்த நேரத்தையே நினைச்சிக்கிட்டு இருக்கேன்க்கான்னு சொல்லுவா. நான் காப்பியைக் குடின்னு சொல்லுவேன். சீனி இல்லாத காப்பி.

வலி எடுத்தப்ப கமலநாதன் உள்ள கூட இருந்தான். வெளியே வந்து எங்ககிட்ட சொன்னதை அப்படியே சொல்றேன்.

"தலை வந்துச்சுக்கா. லோகா 'தோள்?'னு கேட்டா. டாக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தாரு, அதுக்குள்ள புள்ள வந்துருச்சு."

சொல்லிட்டு அங்கேயே கீழ உட்கார்ந்துட்டான். பையன். மூணு கிலோவும் கொஞ்சமும். குதிகால்ல குத்தி சீனி பார்த்தாங்க, அதுவும் சரியா இருந்துச்சு. குகன்னு பேரு.

பார்க்க வந்தவங்க, என்ன இவ்வளவு சின்னதா இருக்கு, தாய் ஒழுங்கா சாப்பிடலையான்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நல்லம்மா அக்கா முந்திக்கிட்டாங்க. "சரியான எடை. கூட ஏத்தினா எங்க வீட்டுல இறக்கச் சொல்லுவாங்க."

ஆஸ்பத்திரியில டாக்டர் புள்ளையோட ரெண்டு கையும் நல்லா இருக்குன்னு சொல்லித்தான் அனுப்பினாரு. ஆனா அவரு பார்த்தப்ப லோகாவுக்குத் தையல் போட்டுக்கிட்டு இருந்தாங்களாம், அவ கண்ணால பார்க்கலை. பார்க்காத நம்பரை அவ நம்புவாளா. மிஸ்ஸி ராஜினி வீட்டுக்கு வந்து பார்க்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தா. அவங்க வந்த அன்னிக்கு நான் பத்தியக் குழம்பு கொண்டு போயிருந்தேன். வாணி கட்டில் ஓரத்துல நின்னா, ஸ்கூல் உடுப்பைக்கூட மாத்தலை.

"கை," அப்படின்னா லோகா. வேற எதுவும் கேட்கலை.

ராஜினிக்கு விளங்கிருச்சு. புள்ளையைப் படுக்கையில மல்லாக்கப் போட்டு, தலையை உள்ளங்கையில வெச்சு லேசாத் தூக்கினாங்க. சட்டுன்னு தன் கையை ஒரு விரல்கடை இறக்கினாங்க. புள்ள திடுக்கிட்டு, ரெண்டு கையையும் ஒண்ணா மேல தூக்கி விரிச்சிச்சு. விரல் எல்லாம் விரிஞ்சிருச்சு.

"பார்த்தீங்களா. சரியா இருக்கு."

"இன்னொரு தடவை போடுங்க மிஸ்ஸி," அப்படின்னா லோகா.

மேடையில லோரி சரியா நிக்கலைன்னா அவ சொல்ற அதே வார்த்தை. ராஜினி இன்னொரு தடவை செஞ்சாங்க. ரெண்டு கையும் மேல போச்சு.

வாணி உத்துப் பார்த்துக்கிட்டே இருந்தா. அவ இடது கை நெஞ்சுலதான் இருந்துச்சு.

"அம்மா, தம்பி ரெண்டு கையையும் தூக்குறான். அவன் நல்லா சாமி கும்பிடலாம்."

சந்தோஷமாத்தான் சொன்னா. லோகா வாணியைக் கட்டில்ல இழுத்து உட்கார வெச்சு, அந்த இடது கையை எடுத்துத் தன் கன்னத்துல வெச்சிக்கிட்டா. கண்ணுலேருந்து தண்ணி அந்தக் கை மேல வழிஞ்சுது. அவ துடைக்கலை, வாணியும் கையை எடுக்கலை.

ராஜினி புள்ளையைத் தராசுல வெச்சாங்க. லோகா திரும்பிக்கூடப் பார்க்கலை. நம்பரை நான்தான் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு.